பிளாஸ்டர் பலகையும் என் மனைவியின் கால் கட்டைவிரலும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்தில், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆரம்பித்த சமாச்சாரம் இது. என் மனைவி மிளகாய் காயப்போட மேலே போனாள். மணி பன்னிரண்டு இருக்கும். காலில் செருப்பு இல்லை. சாப்பிடுகிற சாமான் காய்கிற இடத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்பது அவள் கட்சி. விரித்து, கிளறி, காம்பு கிள்ளி, கால் மணி நேரம் அந்தத் தளத்தில் நின்றிருப்பாள். கீழே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். கால் சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.

அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருந்தது எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது மிஷின் பெடல் பிசுபிசுவென்று இருந்தது. மிஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கொட்டிவிட்டாளா என்று குனிந்து பார்த்தேன். எண்ணெய் இல்லை. வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, பெடலை அழுத்துகிற சதைமேடு முழுக்கக் கொப்புளம் கட்டி, உடைந்து, தோல் சுருண்டு கிடந்தது. அந்தக் காலோடு அவள் இரண்டு ஜாக்கெட்டைத் தைத்து முடித்து, ஊக்கும் வைத்துவிட்டிருந்தாள்.

உள்ளூரில் காட்டினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார்கள். மாத்திரை மாற்றினார்கள். ஐந்து வாரம் ஆகியும் புண் மூடுகிற வழியாகத் தெரியவில்லை. மேலே அகலம் அப்படியே இருக்க, உள்ளே குழி விழுந்துகொண்டே போனது. அதற்கு மேல் தாமதிக்க வேண்டாம் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும், படபடவென்று பேசுகிறவர். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்த ஓட்டம் பார்த்தார்கள், மெல்லிய கம்பியை விட்டுக் குழியின் ஆழம் பார்த்தார்கள். கம்பி உள்ளே போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மனைவி பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். எலும்புக்குள் போகவில்லை, ரத்த ஓட்டமும் பரவாயில்லை என்றார் டாக்டர். ஒரு புது மாதிரி கட்டு இருக்கிறது, சில வாரம் அதை வைத்துப் பார்க்கலாம், அதற்கும் சதை வளரவில்லை என்றால் கட்டைவிரலை எடுத்துவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் பாதத்துக்கே ஆபத்து என்றும் சொன்னார். கட்டைவிரல் போனால் அவள் மிஷினை எதைக் கொண்டு அழுத்துவாள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இருபது வருடமாக அந்தக் கால்தான் அவளுக்குத் தொழில்.

டாக்டர் ஒரு கவரைக் கிழித்து அந்தக் கட்டை எடுத்துக் காட்டினார். வெள்ளையாக, தடித்த பஞ்சுத் துணி மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. இது கடல்பாசியிலும் நண்டு ஓட்டிலும் இருந்து எடுத்தது, அடிப்படையில் இரண்டுமே சர்க்கரைதான் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டாக்டரம்மா, சர்க்கரையாலதான இந்த கெதி. அதையே கொண்டாந்து புண்ணு மேல வெக்கிறீங்களே?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, பொறுமையாகவே சொன்னார். ஒற்றையாக இருந்தால்தான் அது இனிக்கும், ரத்தத்தில் ஏறும். ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலியாகிவிட்டால் அது வேறு சரக்கு. நான் போட்டிருக்கிற பருத்திச் சட்டையும் அப்படிக் கோத்த சர்க்கரைச் சங்கிலிதானாம். நண்டு ஓட்டை அப்படியே அரைத்து வைத்தால் பயனில்லை, கரையாது, ஒட்டாது. அதிலிருக்கிற சங்கிலியை ஆய்வுக்கூடத்தில் பக்குவம் பண்ணி, அங்கங்கே கொஞ்சம் கழித்து, நம் சதையோடு ஒத்துப்போகிற மாதிரி மாற்றிவிடுகிறார்கள். பாசியையும் அப்படித்தான். புண்ணில் வைத்தால் அது கசிகிற நீரைக் குடித்து ஜெல்லியாகிவிடும். பாகற்கொடிக்குப் பந்தல் போட்டால் பற்றிக்கொண்டு ஏறுகிறதில்லையா, அந்த மாதிரி புதுச்சதை அதைப் பற்றிக்கொண்டு வளரும்.

“நண்டு ஓடா?” என்றாள் என் மனைவி. “கொழம்பு வெச்சிட்டு அத்தனையும் குப்பையில கொட்டிட்டமே.”

கடைசியாக டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். வாரம் ஒருமுறை இங்கே வந்து சிஸ்டர்தான் கட்டைப் பிரிக்க வேண்டும். நடுவில் மஞ்சளும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஆகும், லேசாக வாடை வரும், பயப்படக் கூடாது, காய்ச்சலோ சிவப்போ வந்தால் மட்டும் உடனே போன் செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் புண்ணைக் காய விடக் கூடாது. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் டீக்கடையில் நண்டு ஓட்டையும் பருத்திச் சட்டையையும் பற்றி நாலு பேருக்கு விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். அந்தக் கடைசி மூன்று விஷயத்தை யாருக்கும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. கட்டு மாற்றிய சிஸ்டருக்குச் சேத்தியாத்தோப்புப் பக்கம் சொந்த ஊர். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட சங்கிலி. நாங்கள் பேசுகிற பேச்சைக் கேட்டதுமே எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டது. அதிலிருந்து நான் அண்ணன், என் மனைவி அக்கா. ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடித்தாளைப் புண்ணின் மேல் வைத்து அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து ஃபைலில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது வாரத்துக் கோடு முதல் வாரத்துக் கோட்டுக்கு உள்ளே அடங்கியிருந்தது. குழியின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது.

“மேடு கட்டுது பாருங்கக்கா. இன்னும் கொஞ்ச நாளு இப்புடியே உட்டுட்டா போதும்” என்றது சிஸ்டர்.

மூன்றாவது வாரம், கட்டு மாற்றி நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி காலை நீட்டியிருந்த பாயில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. கட்டின் ஓரம் சொதசொதவென்று நனைந்திருந்தது. வாடையும் வந்தது, முதல் இரண்டு வாரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக. சீழ் பிடித்துவிட்டது என்று முடிவு பண்ணிவிட்டேன். முடிவு பண்ண எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பீங்கான் வேலை செய்கிற சின்ன கம்பெனிகள் நிறைய. அப்படி ஒன்றில் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். ஃபியூஸ் கட்டை செய்கிறோம், பொம்மையும் செய்கிறோம். என் வேலை காய வைப்பதும் சூளை பார்ப்பதும். சூளைக்குப் பெரிய எதிரி ஈரம்தான். பொம்மையின் உள்ளே துளி ஈரம் மிச்சம் இருந்தாலும் சூட்டில் அது ஆவியாகி, பொம்மை வெடிக்கும். தான் வெடிப்பதோடு பக்கத்தில் இருக்கிற பத்தையும் சேர்த்துக் கெடுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சூளையையே அப்படி நாசம் பண்ணியிருக்கிறேன். அதிலிருந்து நான் தொட்டுப் பார்க்காமல் எதுவும் உள்ளே போகாது. தொடுவது என்றால் கையால் இல்லை. காய்ந்த சாமானைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். என் கன்னம் தப்பாகச் சொல்லாது என்று கம்பெனியில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

“சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க” என்றாள் என் மனைவி. நம்பர் ஃபைலில் இருந்தது.

“ஞாயித்துக்கெழம, பாவம், சர்ச்சுக்குப் போயிருக்கும். அதப் போயி தொந்தரவு பண்ணிக்கிட்டு” என்றேன். சிஸ்டர் மேல் எனக்கு அப்படியொன்றும் பரிவு பொங்கவில்லை. ஈரத்தைப் பற்றி என்னிடம் யார் என்ன சொல்லிவிட முடியும் என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம்.

கட்டைப் பிரித்தேன். வெள்ளைத் துணி போன இடம் தெரியவில்லை. குழி முழுக்கப் பழுப்பு நிறக் கூழ். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்புப் போட்டு, சுத்தமான வலைத்துணியால் அந்தக் கூழைத் துடைத்தேன். லேசில் வரவில்லை. அரை மணி நேரம் துடைத்தேன். கொஞ்சம் ரத்தம் கசிந்தது. ரத்தம் வந்தால் உயிருள்ள சதை என்று அர்த்தம், நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் குதிகாலை ஒரு தடவை கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. அவள் கூச்சத்தில் சிரித்தாள்.

அப்புறம் செய்ததுதான் என் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடியது. பொம்மை வார்க்கிற அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஆனது. மண் குழம்பை அதில் ஊற்றினால் அச்சு தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டுவிடும். அதைப் போலத் தண்ணீர் குடிக்கிற பொருளை நான் பார்த்ததில்லை. வீட்டில் அந்த பிளாஸ்டரில் வார்த்த புதுப் பலகை ஒன்று இருந்தது, கையகலம், நன்றாகக் காய்ந்தது. புண்ணின் மேல் வலைத்துணியை இரண்டு மடிப்பாக வைத்து, அதன் மேல் அந்தப் பலகையை வைத்து, அவள் வெட்டிப் போட்டிருந்த ஜாக்கெட் துணியின் கிழிசலால் இறுக்கிக் கட்டினேன். டேபிள் ஃபேனைக் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். மறுநாள் காலை வெயிலிலும் அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார வைத்தேன்.

இதெல்லாம் சரிதானா என்று அவள் கேட்கவில்லை. சூளை பார்க்கிறவருக்குத் தெரியாதா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதைக் காதால் கேட்டேன். பலகையைத் தூக்கிப் பார்த்தபோது கனத்து, குளிர்ந்து இருந்தது.

“பாரு, எவ்ளோ தண்ணி குடிச்சிருக்குதுன்னு” என்று அவளிடம் காட்டினேன். பரிசு வாங்கி வந்தவன் மாதிரி காட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை வலைத்துணி புண்ணோடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். டேப்பு பிரிகிற மாதிரி சத்தம் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். உணர்ச்சி இருக்கிற கால் என்றால் கத்தியிருப்பாள், நானும் விட்டிருப்பேன். அவள் டம்ளரிலிருந்து வாயை எடுத்து, “வந்துட்டுதாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

வந்துவிட்டது. துணியோடு அந்த மாதுளை முத்துகளும் வந்துவிட்டன. குழி முன்னை விட அகலமாக, அடியில் வெளுத்து, ஓரத்தில் கருக்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. துணியைச் சுருட்டி அவள் பார்க்காமல் குப்பையில் போட்டேன். புதுத்துணி சுற்றினேன். மறுநாள் புதன்கிழமை, பாண்டிச்சேரிக்குப் போகிற நாள்.

சிஸ்டர் கட்டைப் பிரித்துவிட்டுப் பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது எப்போதும் பேசிக்கொண்டே வேலை செய்கிற பெண். அப்புறம் என்னைப் பார்த்தது.

“யாருண்ணே கட்டப் பிரிச்சது?”

“யாரும் பிரிக்கல சிஸ்டர். குளிக்கும்போது நனைஞ்சி தானா கழண்டு வந்துட்டுது. நான் துணி மட்டும் சுத்துனேன்.”

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வரும்போது யோசித்து வைத்ததில்லை. சிஸ்டர் என் மனைவியைப் பார்த்தது. என் மனைவி மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

கண்ணாடித்தாளை வைத்து வரைந்தார்கள். இந்தத் தடவை கோடு முதல் வாரத்துக் கோட்டையும் தாண்டி வெளியே போயிருந்தது. டாக்டர் வந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டு எப்படிக் கழன்றது, நடுவில் வேறு ஏதாவது செய்தீர்களா என்று அவரும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவருக்குக் கிடைத்த கணக்கு இவ்வளவுதான். நல்ல மருந்து, நல்ல கட்டு, மூன்று வாரம். முதலில் கொஞ்சம் வளர்ந்த சதை தானாகவே அழிந்து, புண் முன்னை விடப் பெரிதாகிவிட்டது. அப்படியென்றால் இந்தக் காலில் சதை நிற்கவில்லை. இனிமேல் காத்திருந்தால் மேலே ஏறிவிடும். வெள்ளிக்கிழமை வந்து படுத்துவிடுங்கள், கட்டைவிரலை எடுத்துவிடலாம் என்று எழுதினார். கீழே போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் பேனாவை மூடியபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த கேள்வி வரவில்லையே என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான், எந்த விரலை, யார் விரலை என்பதெல்லாம் மண்டையில் ஏறியது.

கீழே ரத்தம் எடுக்கிற இடத்தில் கூட்டம். அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு மூலையில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அவள் என்னை ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடியில் இருந்த ஃபைலின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கிற பெண் கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடியபோது என் மனைவி அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“ஏம்மா, எடது காலால மிஷின் மெரிச்சி பழகிக்கலாம் இல்ல?”

“பழகிக்கலாம்க்கா. எல்லாமே பழக்கந்தான்” என்றது அந்தப் பெண். ஆறுதலாகத்தான் சொன்னது.

“ம்” என்றாள் இவள்.

நான் எழுந்து மாடிப்படி ஏறினேன். இரண்டு மாடி. லிஃப்ட் இருக்கிறது, தோன்றவில்லை. டாக்டர் அறையில் வேறு ஒரு நோயாளி, அவருடைய மகன், இரண்டு மாணவர்கள். காத்திருங்கள் என்று சிஸ்டர் வாசலில் தடுத்தது. காத்திருந்தால் இறங்கிப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. வாசலில் நின்றபடியே, “டாக்டரம்மா, கட்டு தானா கழலல. நான்தான் பிரிச்சேன்” என்றேன். அறையில் எல்லாரும் திரும்பினார்கள்.

அத்தனையையும் சொன்னேன். சீழ் என்று நினைத்தது, துடைத்தது, ஃபேன், வெயில், துணியை இழுத்தது. பிளாஸ்டர் பலகை அவருக்கு முதலில் விளங்கவில்லை. பொம்மை அச்சு எப்படித் தண்ணீரைக் குடிக்கும் என்று நான் விளக்க, மாணவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் சிரிக்கவில்லை.

“ரெண்டு தடவ கேட்டேனே உங்கள?”

“ஆமாங்க.”

“வெள்ளிக்கிழமை விரலை எடுத்திருப்பேன். பொழைக்கிற விரல. நீங்க வெளிய உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க.”

அவர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை என்னிடமிருந்து வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். புண்ணில் கிருமி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வேறு காகிதம் எழுதினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் இன்னொரு தடவை கை வைத்தால் என்னிடம் வரவே வேண்டாம் என்றார். குரலை உயர்த்தாமலேயே சொன்னார்.

சிஸ்டர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனது. அந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் போட்டு, மேலே உப்புநீரை ஊற்றியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நூல் நூலாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பளபளவென்று கூழாகிவிட்டது. கையுறை கொடுத்துத் தொடச் சொன்னது. வழவழவென்று இருந்தது.

“இதத்தாண்ணே நீங்க சீழுன்னு தொடச்சி எடுத்தது. புண்ணுத் தண்ணி சேந்தா நெறம் மாறும், வாடை வரும். அவ்ளோதான்.”

“ஈரமாவே இருந்தா அழுகிடாதா சிஸ்டர்?” இத்தனைக்குப் பிறகும் கேட்டேன். தொழில் அவ்வளவு சீக்கிரம் விடாது.

“உங்க மண்ணுக்குக் காயணும். சதைக்குக் காயக் கூடாதுண்ணே. ஈரம் இருந்தாதான் புதுச்சதை ஊந்து ஊந்து வரும். காஞ்சிட்டா அது எங்க ஊர்றது? துணியோட சேந்து ஒட்டிக்கும். நீங்க இழுத்தா கூடவே வந்துடும்.” “ஒரு போனு போட்டிருக்கலாம். நான் அன்னிக்கி வூட்டுலதான் இருந்தேன்” என்றது. டாக்டர் சொன்னதை விட அதுதான் எனக்கு உறைத்தது.

கீழே வந்து என் மனைவியிடம், வெள்ளிக்கிழமை படுக்க வேண்டாம், மறுபடி கட்டுதான் என்று சொன்னேன். “சரி” என்றாள். பஸ் வடலூரைத் தாண்டியது. அப்புறம், “பசிக்குதுங்க” என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பலகையைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் ஆனது. கிருமிக்கு ஊசி போட்டார்கள். வாராவாரம் புதன்கிழமை பாண்டிச்சேரி. போன உடனே சிஸ்டர், “அண்ணே, கை வெச்சீங்களா?” என்று கேட்கும். வைக்கவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். வார்டில் எல்லாருக்கும் கதை தெரிந்துவிட்டது. பழைய நோயாளிகள் புதிதாக வந்தவர்களிடம், இவர்தான் பலகைக்காரர் என்று காட்டுவார்கள். கோடு வாரத்துக்கு வாரம் உள்ளே வந்தது. நடுவில் ஒரு வாரம் நகரவே இல்லை. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டு நனைந்து பழுப்பாக வழிகிற நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய வேலை. கை பரபரக்கும். எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

ஆவணிக் கல்யாண ஆர்டர்களை எல்லாம் அவள் வேறு தையல்காரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். புரட்டாசியில் புண் மூடியது. மேலே வந்திருந்த தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, பளபளப்பாக இருந்தது. டாக்டர் ஒரு மெத்தைச் செருப்பு எழுதிக் கொடுத்தார். மொட்டைமாடிக்கு என்ன, பூஜை அலமாரிக்கு முன்னால்கூட செருப்போடுதான் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் அவள் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் கூடாது.

எங்களுக்குள் அந்தப் பொய்யைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்கல் கழிந்து ஒருநாள், அவள் ஒரு ரவிக்கைக்குக் கை ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். அன்றைக்கு டாக்டர் கேட்டபோது நீயாவது சொல்லியிருக்கலாமே என்று.

அவள் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவ்ளோ பேரு முன்னாடி உங்கள பொய்யின்னு எப்புடிங்க சொல்றது?”

“அதுக்கோசரம் வெரல எடுக்க உட்டுடுவியா?”

“நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் இருந்தேன்” என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ரத்தம் எடுக்கற எடத்துலதான் கொஞ்சம் பயந்துட்டேன்.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. பழைய விஷயம் ஒன்றை ஞாபகப்படுத்திச் சொல்கிற குரல். அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மூலையில் ஃபைல் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அவள் எனக்காகத்தான் காத்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் மாடிப்படி ஏறாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவள் விரலைக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை வாயைத் திறந்திருக்க மாட்டாள் என்பது எனக்கு நிச்சயம். அதனால் இப்போதெல்லாம் ஒரு தப்புச் செய்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.